காலுக்குச் சொன்ன ஜெபம்

துக்க வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, பாக்கெட் சோயா பாலை உறிஞ்சிக்கொண்டே, செத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று நீங்கள் ஆரம்பித்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவதைக் கவனித்திருப்பீர்கள். திமிர் என்று நம்மில் ஒருத்தி சொன்னாளாம். சொல்லட்டும். நம் வயது அப்படி ஆகிவிட்டது. ஒரு பெட்டி மூடிய சத்தம் அடங்குவதற்குள் அடுத்த பெட்டி. அவர் தூங்குகிறார் என்கிறார் ஒருவர். இல்லை, பரதீசில் ஏற்கெனவே கண் விழித்துவிட்டார் என்கிறார் இன்னொருவர். எக்காளம் ஊதும்வரை காத்திருக்க வேண்டும் என்று மூன்றாமவர் சொல்லும்போது, இமிக்ரேஷன் ஆபீசில் நம்பர் எடுத்துவிட்டு வந்தவர் மாதிரியே இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சின்ன வயதில் ஒரு மழைக்காலம் முழுவதும் இந்தப் பேச்சுக்குள்ளேயே நனைந்து கிடந்தேன். அதுவும் செத்துப்போன ஓர் ஆளைப் பற்றிய பேச்சாக இருந்தால் மன்னித்திருப்பேன். ஒரு காலைப் பற்றிய பேச்சு. என் அப்பாவின் இடது கால்.

எழுபதுகளின் கடைசி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். கீழே மாவு மில். நாள் முழுக்கத் தரை நடுங்கும்; அலமாரியில் தம்ளர்கள் தாமாகவே நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கும். மிளகாய் அரைக்கிற நாளில் வேதம் வாசித்தாலும் தும்மலோடுதான் வாசிக்க வேண்டும். அப்பா லோரி ஓட்டினார். போர்ட் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்குமாக ரப்பர் கட்டுகள். அவர் சட்டையில் எப்போதும் புகைபோட்ட ரப்பரின் வாசம் இருக்கும். சிலருக்கு அது நாற்றம், எனக்கு அது வீட்டுக்கு ஆள் வந்துவிட்ட வாசம். ஒரு மழை நாளில் கயிற்றை அவிழ்க்கும்போது கட்டு காலின்மேல் சரிந்தது. யார்மேலும் பழியில்லை. ஈரம், அவ்வளவுதான். கிள்ளானில் ஆஸ்பத்திரியில் சேர்த்து முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நானும் அம்மாவும் அத்தையும் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தோம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக்கு டீச்சர். எங்கள் பின்தெருவிலேயே குடியிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்த மலாய்க்கார ஊழியர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: காலைக் கொண்டுபோகிறீர்களா, இல்லை இங்கேயே எரித்துவிடலாமா? அவர்கள் மார்க்கத்தில் வெட்டி எடுத்த உறுப்பையும் மண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். அதனால் எல்லாரிடமும் கேட்பது அங்கே வழக்கம். அந்த மனிதர் நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்வி எங்கள் வீட்டுக்குள் இப்படிப் புகுந்து குடித்தனம் பண்ணும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"எரிக்கிறதா!" அத்தை கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "அப்புறம் கடைசி நாள்ல என் தம்பி என்னத்த ஊணிக்கிட்டு எழுந்திருப்பான்?"

"அண்ணி, அவரு உசுரோட உள்ள படுத்திருக்காரு," என்றாள் அம்மா. "மொதல்ல கண்ண தொறக்கட்டும்."

"அவன் தொறப்பான். கால் காத்திருக்காது லா. நாறிடும்."

கால் ஒரு பச்சைத் துணியில் சுற்றி வந்தது. அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்தார்.

சவப்பெட்டி செய்கிற சீனர் மரத்தூள் படிந்த கையோடு வந்து மலாயில் வயது கேட்டார். அத்தை முப்பத்தெட்டு என்றாள். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், உள்ளே போய் இருப்பதிலேயே சிறிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைக்குழந்தைக்கான பெட்டி. வெள்ளை பெயின்ட், மூடியில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. கால் சாய்வாகத்தான் உள்ளே போனது. அத்தை பையிலிருந்து அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை காலுறையை எடுத்தாள். எப்போது எடுத்து வைத்தாளோ! அதை மாட்டிவிட்டாள், ஸ்கூலுக்கு அனுப்புகிற மாதிரி.

எங்கள் சபை சின்னது. போதகர் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றிவிட்டு எப்போதாவது வருவார். மற்ற நேரமெல்லாம் சபையை நடத்துவது மூப்பர்தான். ரிட்டையர் ஆன கிளார்க். வெள்ளை சட்டை, வெள்ளை பேன்ட், நடுவில் ஒரு கறுப்பு பெல்ட். அந்த மெலிந்த உடம்புக்குள் எங்கிருந்துதான் அவ்வளவு பெரிய குரல் வந்ததோ. கிள்ளான் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சபைக்கென்று ஓர் ஓரம் இருந்தது. பெட்டி சின்னதாக இருந்ததால் குழந்தைகள் வரிசையில் குழி வெட்டியிருந்தார்கள்.

அங்கேயும் ஒரு வாதம். செத்தவர்களைக் கால் கிழக்கே இருக்கும்படி கிடத்துவது எங்கள் வழக்கம். எழுந்து உட்கார்ந்தால் வருகிறவரை நேருக்கு நேர் பார்க்கலாமாம். இங்கே இருப்பதே கால்தான். தலை எந்தப் பக்கம் என்று எதை வைத்து முடிவு செய்வது? மூப்பரும் அத்தையும் தூறலில் குடைக்குக் கீழே நின்று பேசி, விரல்கள் கிழக்கே என்று தீர்மானித்தார்கள். பிறகு அடக்கப் பாட்டு. பிறகு முழு ஜெபம், ஒரு வரி விடாமல். வெள்ளைச் சிலுவையில் அப்பாவின் பெயர்.

அந்தச் சிலுவை செய்த வேலையைக் கேளுங்கள். அப்பா வீட்டுக்கு வந்து சில நாள் இருக்கும். கட்டிலில் சாய்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். படியில் தடதடவென்று சத்தம். அவரோடு லோரி ஓட்டும் நண்பர், கையில் பெரிய மலர் வளையத்தோடு, கண்ணெல்லாம் சிவந்துபோய் வாசலில் நின்றார். அப்பாவைப் பார்த்ததும் வளையம் கையிலிருந்து நழுவிவிட்டது.

"டேய்! செத்துட்டேன்னு சிலுவைல எழுதியிருக்கு!"

"காலுடா. அது காலு."

"காலு செத்ததுக்கு முழுப் பேரையா எழுதுவானுங்க? எங்க சித்தி குழிக்குப் புல்லு வெட்டப் போனவன், பார்த்துட்டு அங்கயே உக்காந்து அழுதேன்டா பாவி!"

அவர் அழுததை அப்பாவிடம் திருப்பிக் கேட்பவர்போலக் கத்தினார். பிறகு அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எங்களிடமே விட்டுப் போனார். அம்மா பூக்களைப் பிய்த்து மைலோ டின்னில் செருகி வைத்தாள். காசு கொடுத்து வாங்கின பூ, என்றாள்.

அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. இல்லாத காலில் அப்பாவுக்கு அரிப்பு வந்தது. பெருவிரலில், என்பார். குனிந்து வெறும் காற்றைச் சொறிவார். பாயில் அவருடைய வலது கால் இருக்கும். அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தை அவர் விரல்கள் தேடிக்கொண்டிருக்கும். நரம்பு செய்கிற வேலை, போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்?

"கிள்ளான் மண்ணு ஈர மண்ணு," என்றாள் அத்தை. "கறையான் ஏறியிருக்கும். ஒன்னோட காலு ஒன்னயத்தான தம்பி கூப்பிடும்?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஜெபம் கொஞ்சம், கால் ரொம்ப. அப்பாவின் சின்னம்மா மகன், எனக்குச் சித்தப்பா முறை, அப்போதுதான் பங்சார் பக்கம் கைதட்டிப் பாடுகிற புதிய கூட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தார்.

"அக்கா, அங்க புது சரீரம் கெடைக்கும். இந்தக் காலே வேணாம். பிராண்ட் நியூ!"

"அதே சரீரம்தான்டா. தழும்போடதான் ஆண்டவரே எழுந்தாரு."

"அப்ப அண்ணன் செத்து கோலாலம்பூர்ல பொதைச்சா? காலு கிள்ளான்லேருந்து பஸ் புடிச்சு வருமா?"

"கிண்டலாடா பண்றே?"

மூப்பர் தொண்டையைச் செருமுவார். ஆத்துமா ஓய்ந்திருக்கிறது, சரீரம் காத்திருக்கிறது என்று ஆரம்பிப்பார். கால் காத்திருக்கிறது சரி, ஆனால் அதன் ஆத்துமா இங்கே கட்டிலில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கிறதே, அது எப்படி என்று சித்தப்பா கேட்பார். மறுபடியும் முதலிலிருந்து. அம்மா சமையலறையில் பாத்திரத்தை வேண்டுமென்றே ஓங்கி வைப்பாள். அந்தச் சத்தம்தான் அந்த வீட்டில் எனக்குப் புரிந்த ஒரே வேதவியாக்கியானம்.

இப்போது நினைத்தால் அத்தையின்மேல் எரிச்சலோடு வேறொன்றும் வருகிறது. அவர்களுடைய அம்மா சாகும்போது, கைப்பிள்ளையாக இருந்த அப்பாவைப் பத்து வயது அக்காள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாராம். முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இவள் பயந்திருக்கிறாள். பயந்தவள் அதைப் பயம் என்று சொல்லியிருக்கலாம். விசுவாசம் என்று சொல்லிவிட்டாள். அங்கேதான் சிக்கல்.

ஏனென்றால் உண்மையான பிரச்சினை வேறு. அப்பாவின் தவுக்கே, லோரிகளின் முதலாளி, நல்ல மனிதர். நேரில் வந்து கட்டிலருகே உட்கார்ந்து தமிழும் மலாயும் கலந்து சொன்னார்: "ஸ்தோர்ல ஆளு வேணும். சாமான் எண்ணணும், எழுதணும். ரெண்டு கையும் வேணும் லா. கக்கத்துல கட்டை வெச்சிட்டு எப்படி? கால் போட்டு வா. சீனப் பெருநாள் வரைக்கும் வேற ஆள் எடுக்க மாட்டேன்."

கால் வந்தது. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு, ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்த கால். தோல் வார், கொக்கிகள், ரப்பர் பாதம். புதுச் செருப்புக் கடையின் வாசனை. அதன் நிறம்தான் கொடுமை: எங்கள் தெருவில் யாருக்குமே இல்லாத ரோஸ் நிறம். ஞாயிறு பள்ளிப் படத்தில் தேவதூதர்களுக்கு மட்டும் இருக்கும்.

"வெள்ளக்காரன் காலு," என்றாள் அத்தை. "இதோட எழுந்தா ஒன்னைய எந்த வரிசைல நிறுத்துறதுன்னு அங்க கொழம்பிடுவாங்க."

அப்பா சிரித்தார். ஆனால் காலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஒருநாள் போட்டுப் பார்த்து, வலிக்கிறது என்று கழற்றினார், அப்புறம் தொடவில்லை. வலி உண்மைதான். ஆனால் மேலே ஒரு கால் போட்டுக்கொண்டால் கீழே இருப்பதைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று அவருக்குள் யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆராதனை முடிந்த கையோடு ஞாயிறுதோறும் கட்டைகளை ஊன்றி பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போக ஆரம்பித்தார். குடை பிடிக்க நான். காலைப் பார்க்கப் போகிறோம். சொந்தக்காரரைப் பார்க்கப் போவதுபோல.

"நான் செத்தா கிள்ளான்லயே பொதைச்சிரு," என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். "சத்தியம் பண்ணு."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பண்றேன். நீங்க சாகுற வரைக்கும் யாரு சோறு போடுறதுன்னு நீங்க ஒரு சத்தியம் பண்ணுங்க. பெருநாள் வருது. அந்தச் சீனரு வேற ஆள வெச்சிட்டாருன்னா? கட்டிலுக்கு அடியில ஒரு காலு, மண்ணுக்கு அடியில ஒரு காலு. எனக்கு மேல நிக்கிற காலு ஒன்னு வேணுங்க."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்படியே போனது. அம்மா கீழே மில்லில் மிளகாய் காம்பு கிள்ளும் வேலைக்குப் போனாள். ராத்திரி அவள் என்னைத் தொட்டால் எரியும்.

அடுத்த ஞாயிறு மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் லாலான் புல் என் இடுப்பளவு. குழந்தைகள் வரிசையில் அப்பாவின் சிலுவைக்குப் பக்கத்துக் குழியருகே ஓர் இளம்பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழிக்குச் சிலுவை இல்லை. தட்டையான ஒரு கல் மட்டும். அவள் கையில் பவுடர் டின். மண்ணின்மேல் பவுடரைத் தூவி, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டித் துடைத்த பிள்ளைக்குச் செய்வதுபோல. ஈரச் சேற்றின் வாசமும் பவுடர் வாசமும் கலந்து வந்தது. இன்றைக்கும் குழந்தை உள்ள வீடுகளில் என் மூக்கு அந்தச் சேற்றைத் தேடும்.

"ஒங்க புள்ளையாண்ணே?" என்று அப்பாவின் சிலுவையைக் காட்டிக் கேட்டாள்.

"இல்ல தங்கச்சி."

"பெரிய ஆளு பேரு மாதிரி இருக்கே."

"என் பேருதான்."

அவள் அப்பாவை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழே வந்ததும் நின்றுவிட்டாள். "காலா?"

"காலு."

சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள், உதடெல்லாம் பவுடர். "மன்னிச்சிருங்கண்ணே."

"சிரி தங்கச்சி. எங்க வீட்ல எல்லாரும் இத வெச்சு ஜெபக்கூட்டம் நடத்துறாங்க."

அவள் போர்ட் கிள்ளானில் இறால் உரிப்பவள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. எங்கள் சபைதான், கிள்ளான் பக்கத்து வீடுகளில் கூடுகிறவர்களில் ஒருத்தி.

"காலுக்குப் பாட்டெல்லாம் பாடுனாங்களாண்ணே?"

"பாடுனாங்களாம். மூப்பரய்யா வந்து முழு ஜெபமும் சொல்லியிருக்காரு."

அவள் டின்னை மூடினாள், திறந்தாள்.

"என் புள்ளைக்கும் அவருதான் வந்தாரு. விடியக்காலைல பொறந்துச்சு. வெளக்கு வெக்கிற நேரத்துல போயிருச்சு. ஞானஸ்நானம் குடுக்க யாரும் இல்ல. ஐயா குழி வரைக்கும் வந்தாரு. ஞானஸ்நானம் இல்லாத புள்ளைக்கு ஜெபம் இல்லம்மா, சபை ஒழுங்கு அப்படின்னு சொன்னாரு. பாட்டும் இல்ல. பேரு எழுத வேணாம்னாரு, ஞானஸ்நானத்துலதான பேரு." பிறகு, எந்த பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பவள்போல, கோபமே இல்லாமல் கேட்டாள்: "ஒங்க காலு எங்க போவும்னு எல்லாருக்கும் தெரியுது. என் புள்ள எங்க போச்சுண்ணே?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அப்பா ஒருமுறைகூடக் குனிந்து காற்றைச் சொறியவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பாட்டு முடிந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"ஐயா, என் காலுக்குப் பக்கத்துல ஒரு பச்சப்புள்ள கெடக்குது. அது எங்க இருக்கு?"

மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆண்டவரோட இரக்கத்துல இருக்கு."

"அது எந்த எடம்?"

"பரலோகம்தான் அண்ணே," என்றார் சித்தப்பா. "புள்ளைங்களுக்கு ஏது பாவம்?"

"நமக்கு வெளிப்படுத்தப்படல," என்றார் மூப்பர்.

"காலுக்கு வெளிப்படுத்தியிருக்கா?"

"தம்பி, அது வேற, இது வேற," என்றாள் அத்தை. "நீ ஞானஸ்நானம் எடுத்தவன். ஒன் காலும் எடுத்த மாதிரிதான்."

அப்பாவின் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "அக்கா, எனக்குத் தலையிலதான் தண்ணி ஊத்துனாங்க. காலுவரைக்கும் வந்துச்சான்னு யாரு பார்த்தா?" கட்டையால் தரையைத் தட்டினார். கீழே மில்லிலிருந்து யாரோ பதிலுக்குக் கூரையைத் தட்டினார்கள். "ஒரு நாள் முழுசா அழுது, பால் குடிச்ச புள்ள. அதுக்கு ஒன்னுமில்ல. மயிரு மொளச்ச என் கெண்டக்காலுக்கு காலுறை மாட்டி, பாட்டு பாடி, கெழக்கப் பார்த்துப் படுக்க வெச்சிருக்கீங்க! வாங்க ஐயா. ஞாயித்துக்கெழம வந்து அந்தப் புள்ளைக்கும் சொல்லுங்க."

"ஒழுங்கு நான் உண்டாக்கினதில்லப்பா."

"அப்ப என் காலுக்குச் சொன்ன ஜெபத்தத் திருப்பி எடுத்துக்குங்க. எடுத்து அதுக்குக் குடுங்க."

"ஜெபத்த எப்படிப்பா திருப்பி எடுக்கிறது?"

"குடுக்கத் தெரிஞ்சுச்சுல்ல?"

மூப்பர் எழுந்து செருப்பைத் தேடினார். படியிறங்கும்போது ஒருமுறை நின்றார், பிறகு போய்விட்டார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அம்மா சமையலறையிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். பாத்திரச் சத்தம் இல்லை.

"யாரும் சொல்ல வேணாம்," என்றார் அப்பா. "நானே சொல்றேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எங்கள் சபையில் கைகூப்பாமல் ஜெபமில்லை. கட்டை பிடித்தால் கையில்லை. கட்டையை விட்டால் ஆளில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். "பாப்பா. கட்டிலுக்கு அடியில இருக்கில்ல, அத எடு."

அந்த ஞாயிறு முடியவில்லை, அடுத்த ஞாயிறும் முடியவில்லை. மாடி நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ரோஸ் காலோடு அவர் போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. வார் உரசி ரத்தம் கசியும். அம்மா பஞ்சு வைத்துக் கட்டுவாள், அவர் திட்டுவார், அவளும் திருப்பித் திட்டுவாள். கல்யாணமான புதுசில்கூட அவர்கள் அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் அத்தை வந்து பார்த்துவிட்டு, உட்கார்ந்து, வாருக்கு உள்பக்கம் பழைய கம்பளித் துண்டு ஒன்றைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். தவுக்கேயின் ஸ்தோர் வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. பெருநாளுக்கு முன்பே ஆரஞ்சுப் பழப் பெட்டியோடு வந்து கூட்டிப்போனார். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

போனது நாங்கள் நால்வர்: அப்பா, அம்மா, அத்தை, நான். சித்தப்பா தம்புரின் கொண்டுவருகிறேன் என்றார். அம்மா பார்த்த பார்வையில் வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்தப் பெண் பவுடர் டின்னோடு காத்திருந்தாள். அப்பா கட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றிச் சேற்றில் நின்றார். கைகளைச் சேர்த்தார். ஆடினார். அம்மா பிடிக்கப் போனாள். தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

முதலில் பாட்டு. ஐயோ, அப்பாவின் பாட்டு. லோரி மேட்டில் கியர் மாற்றுகிற மாதிரி ஒரு குரல். எடுத்த எடுப்பிலேயே சுருதி எங்கோ போய்விட்டது. அத்தை இழுத்துப் பிடிக்கப் பார்த்தாள், அழுகையில் அவள் குரலும் வழுக்கியது. அம்மாவுக்குப் பாட்டே வராது. முதல் சரணம் ஒரு விபத்துபோல முடிந்தது. இரண்டாவதை அப்பா அதைவிடத் தப்பாக ஆரம்பித்தார். அப்போதுதான் எங்களுக்குப் பின்னால், அங்சானா மரத்தடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. பெரிய குரல். கடுப்பான குரல். தப்பாகப் பாடும் பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்து வந்து ராகத்தில் நிறுத்துகிற குரல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்ற பயம். அதன்பின் எல்லாருடைய குரலும் அதற்குள் ஒதுங்கிக்கொண்டது. கடைசிச் சரணம்வரை.

"ஜெபம்," என்றார் அப்பா. "எல்லாரும் முட்டி போடுங்க. என்னால முடியாது, நான் நின்னுக்கிறேன்."

போட்டோம். சேறு குளிர்ந்து மேலேறியது. கண்ணை மூடினோம். அப்பா மனப்பாடம் பண்ணிவைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றுவிட்டார். பெயர் வர வேண்டிய இடம்.

"தங்கச்சி, புள்ளைக்கு என்ன பேரு?"

இத்தனை மாதமாக அதை யாரும் கேட்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. அப்பா அதை உரக்கச் சொன்னார், பாசார் கூட்டத்தில் தொலைவில் போகும் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு மீதி ஜெபம். ஆமென் என்றோம். ஐந்து பேர் சொன்னதைவிடக் கொஞ்சம் கனமாகவே இருந்தது அந்த ஆமென்.

எழுந்து திரும்பினோம். மூப்பர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், மடக்கிய குடையோடு.

"ஒழுங்குக்கு விரோதமா எதுவும் நடக்கக் கூடாதேன்னு பார்க்க வந்தேன்," என்றார். "இப்படியா பாடுறது? கேக்க முடியல. அதனால பாட்டுதான் பாடினேன். ஜெபம் பண்ணல."



பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அத்தையிடம் தனியாக அதையே சொன்னார். அந்தப் பெண்ணிடமும் சொன்னார். அவள் "சரிங்கய்யா" என்றாள். கடைசியாக, கட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த என்னிடம் குனிந்தார். "பாப்பா, நீ பார்த்தேல்ல? நான் பாட்டு மட்டும்தான் பாடினேன். யாராவது கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

தலையாட்டினேன். அவர் நிமிர்ந்து, வேகமாக முன்னால் நடந்து போய், அப்பாவின் தோளுக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தார். வெள்ளை பேன்ட். இரண்டு முட்டியிலும் சேறு.